எங்கள் வயதணியின் ஏழாண்டு இளையவன்

ஓய்வு விழாவுக்குப் பதினொரு நாள் இருந்தபோது, எங்களுக்கு அடுத்த வயதணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐம்பத்து மூன்று பேரின் வெட்டுக்கத்திகளை மகிழ்வோடு வாங்கிக்கொள்கிறோம், மீதி ஒருவரின் கத்தியை வாங்க எங்கள் மனச்சான்று இடம் தரவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒருவன் உடுமா உக்பாயி. மூன்று நாடுகளின் மைதானங்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கோல் அடித்தவன். தேசிய அணியின் பச்சைச் சட்டையைப் பதினோராண்டு அணிந்தவன். உமுவோபா என்றோர் ஊர் இருப்பதையே உலகத்துக்குத் தெரியப்படுத்தியவன்.

கத்தியை வாங்க மறுப்பது எங்களூரில் சிறிய செய்தியல்ல. ஐந்தாண்டுக்குள் பிறந்த ஆண்களெல்லாம் ஓர் அணி. ஒன்றாகப் பாதை வெட்டி, ஒன்றாகச் சந்தையைக் காத்து, ஒன்றாகத் தண்டம் கட்டி, ஒன்றாகவே ஓய்வு பெறுகிறவர்கள். ஓய்வு நாளில் ஒவ்வொருவனும் எழுந்து, தன் வயதைச் சொல்லி, வெட்டுக்கத்தியை நீட்டுவான். இளைய அணியின் தலைவன் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டால் அவன் அன்று முதல் ஊர்ப் பெரியவன். முன்வரிசையில் இருக்கை, மரியாதைக்கு உடைக்கும் முதல் கோலாக்கொட்டையில் பங்கு, சபையில் சொல். வாங்காவிட்டால் மறுநாள் விடிந்ததும் அவன் புல் வெட்டப் போக வேண்டியதுதான். அவன் அடித்த கோல்களைப் புல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கடிதத்தோடு ஒரு பழைய நிகழ்ச்சி நிரலின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. முப்பதாண்டுக்கு முன் நடந்த இளையோர் போட்டியின் நிரல் அது. அதில் உடுமாவின் படத்துக்குக் கீழே, வயது பதினேழு என்று அச்சாகியிருந்தது. படத்திலிருந்த பதினேழு வயதினனுக்கு மீசை இருந்தது. நெற்றியில் மூன்று கோடுகள் இருந்தன. கண்களில் ஒரு குடும்பத் தலைவனின் கவலையும் இருந்தது.

உண்மை இதுதான். உடுமா எங்களோடு பிறந்தவன், எங்களோடு பாதை வெட்டியவன். வெளிநாட்டுக்கு ஆட்டக்காரர்களை அழைத்துப் போகும் தரகர் ஒருவரோடு போன நாளில் அவனுக்கு வயது இருபத்து நான்கு. காகிதத்தில் பதினேழு. அந்த ஏழாண்டும் அவனை விட்டுப் பின்னர் அகலவேயில்லை. முப்பத்தாறில் திருமணம் செய்துகொண்டபோது மணமகளிடம் இருபத்தொன்பது என்றான். நாற்பத்தொன்றில் ஆட்டத்தை விட்டபோது, முப்பத்து நான்கிலேயே முழங்கால் இப்படித் தேய்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை என்று பெல்ஜிய மருத்துவர் ஒருவர் வியந்து கட்டுரையே எழுதினார். ஒரு காலடி முன்னால் நின்றால் ஆஃப்சைடு என்று கொடி தூக்குகிற ஆட்டம் அது. ஏழாண்டு பின்னால் நின்றவனுக்கு எதிராக யாரும் கொடி தூக்கவில்லை.

ஊருக்குத் தெரியாதா? தெரியும். உமுவோபாவின் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஊர், தெரிந்ததைச் சொல்லாமலிருப்பதை ஒரு மரியாதையாக வளர்த்து வைத்திருந்தது. அவன் கோல் அடித்தபோது வானொலியைச் சுற்றி ஆடினோம். அவனுடைய இடது காலணிக்குள் தோலில் கட்டிய மந்திரத் தாயத்து இருக்கிறது என்று சொன்ன பூசாரிக்குக் கோழி கொடுத்தோம். நாள்தோறும் ஆயிரம் முறை சுவரில் பந்தை உதைத்த ஒருவனின் உழைப்பை ஒரு துண்டுத் தோலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். ஒரு தரகர் எழுதிய பொய்யை மட்டும் அவன் தலையில் வைத்துவிட்டுக் கை கழுவினோம். ஊரின் நீதி அன்று அப்படி இருந்தது.

போதாக்குறைக்கு, சென்ற ஆண்டு மாநிலக் கால்பந்து அலுவலகம் இளையோர் போட்டிகளில் வயதுப் பொய்யை ஒழிக்க ஓர் இயக்கம் தொடங்கியது. அதன் முகமாக உடுமாவையே தேர்ந்தெடுத்து, ஒரு பதவியும் கொடுத்தது. சந்தை முச்சந்தியில் இரண்டு ஆள் உயரத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கீழே, 'உண்மை வயதே உண்மை வீரம்'. அந்தப் பலகையைக் கடந்து போகும் ஒவ்வொருவரும் ஏதோ தூசி விழுந்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இளைய அணியின் தலைவன் கலு, உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தர். கெட்டவனல்லன், கிண்டல் அவனுக்குச் சோறு போன்றது. எங்களூரில் நான்கு நாள் கொண்ட ஒரு சந்தை வாரம் மூத்தவனையும் 'டேடே' என்று அண்ணன் முறை வைத்துத்தான் அழைப்பார்கள். நாற்பத்தெட்டாண்டு உடுமாவை டேடே என்று அழைத்து வந்த கலு, கடிதம் கொடுத்த மறுநாள் அவன் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"உடுமா, எழுந்தாச்சா? ஆத்துப் பாதை வெட்டப் போறோம், வா. நம்ம செட்டு பூரா வந்துருச்சு, உன்னைத்தான் காணோம். லேட்டானா தண்டம் போடுவோம், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

உடுமா லுங்கியோடு வெளியே வந்து, தன் முழங்காலைக் காட்டினான். கலு அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயசுக் காலுக்கு இது என்ன கேடு, எனக்கும் அதே வயசுதான், என்னுடையது எப்படி இருக்கிறது பார் என்று அங்கேயே நான்கு முறை உட்கார்ந்து எழுந்து காட்டினானாம். அவனுடைய அணியினர் வேலிக்கு அப்பால் நின்று எண்ணிக் கைதட்டினார்களாம். இதை எங்களிடம் சொன்னபோது உடுமா சிரித்தான். ஆனால் தேநீரைத் தொடாமலே எழுந்து போனான்.

எங்கள் அணி கூடிப் பேசிற்று. தலைவன் ஓர்ஜி மரக்கடைக்காரன். எதையும் அறுத்துச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை உடையவன். அச்சகத்துக்காரன் செய்த பிழை என்று சொல்லிவிடலாம் என்றான். முப்பதாண்டாக எல்லா அச்சகத்துக்காரர்களும் ஒரே பிழையைச் செய்தார்களா என்று செயலாளனாகிய நான் கேட்டேன். அதற்கு அவன், பிழையிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்றான். உடுமா எதுவும் பேசவில்லை. கூட்டம் கலைந்த பின் என்னிடம் மட்டும் சொன்னான்: பலகை போனால் போகட்டும், மாநில அலுவலகத்தின் பதவி போனால் போகட்டும், ஆனால் உங்களோடு உட்காராமல் நான் எங்கே உட்காருவேன்? பதினேழாண்டு வெளிநாட்டு உடைமாற்றும் அறைகளில், தன்னைவிட ஏழு வயது சிறியவர்களின் நகைச்சுவைக்குச் சிரித்துச் சிரித்தே அவன் வாய் வலித்திருக்கிறது. தன் வயதுக்காரன் ஒருவனோடு உட்கார்ந்து மூட்டு வலியைப் பற்றி ஒரு முறை மனம் விட்டுப் பேசியதில்லை. பேசினால் காகிதம் கிழிந்துவிடும்.

ஊர் வழக்கத்தில் ஒரு வழி இருந்தது. வயது மறுக்கப்பட்டவன் பிறப்புச் சாட்சி ஒருவரைக் கொண்டுவரலாம். உடுமாவுக்கோ உலகத்தில் வேறு எவருக்கும் வாய்க்காத சாட்சி இருந்தாள்: ஓஜியுகோ, அவனுடைய இரட்டைச் சகோதரி. மறுநாள் காலையே அவளைப் பார்க்கப் போனோம்.

ஓஜியுகோ ரொட்டி அடுப்பு வைத்திருக்கிறாள். ஊர் எழுவது அவள் ரொட்டியின் மணத்தில்தான். முழங்கை வரை மாவோடு வந்து, கதவில் சாய்ந்துகொண்டு, தன் சகோதரனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாப்பா தம்பி. அக்கா வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"ஓஜியுகோ, விளையாடாத."

"பேர் சொல்லியா கூப்பிடுற? ஏழு வயசு மூத்தவளை? உன்னை முதுகுல கட்டித் தூக்கி வளர்த்தவ நான்தானாம்ல. பெல்ஜியத்துப் பத்திரிகையில படத்தோட போட்டிருந்தான். படிச்ச நாள்லேருந்து முதுகு வலி எனக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, செயலாளர் ஐயா சிரிக்கட்டும், சிரித்துவிட்டு இந்த ஒரு கணக்கை எனக்கு விளங்க வைக்கட்டும் என்றாள். ஒரே வயிற்றில், ஒரே காலையில், கால் மணி நேர இடைவெளியில் பிறந்த இருவரில் ஒருத்திக்கு ஐம்பத்தைந்து, மற்றவனுக்கு நாற்பத்தெட்டு. மீதி ஏழாண்டும் அவன் எங்கள் அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே பந்து விளையாடிக்கொண்டிருந்தானா?

உடுமா தலை குனிந்தபடி வந்த காரியத்தைச் சொன்னான். அவள் முகத்திலிருந்து கேலி வடிந்தது.

"சாட்சி சொல்றதுக்கு நான் தயார். ஆனா சாட்சி ரெண்டாவதுதான். மொதல்ல உன் வாய் தெறக்கணும். அச்சுப்பிழைன்னு சொல்லப் போறதா ஓர்ஜி பொண்டாட்டி ரொட்டி வாங்க வந்தப்ப சொன்னா. அப்படிச் சொன்னேன்னு வை, நான் பந்தல் பக்கமே தலை காட்ட மாட்டேன். நீ இளந்தாரியாவே இருந்து புல்லு வெட்டு."

ஒரு சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் திணித்து, எங்களை வெளியே அனுப்பிவிட்டாள்.

விழா நாளில் வடகாற்றின் செம்புழுதி பந்தலை மூடியிருந்தது. எல்லோர் இமையிலும் தூள். சிங்கத் தலை பொறித்த சட்டையும் செந்தொப்பியும் அணிந்து நாங்கள் ஐம்பத்து நான்கு பேர் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நாற்காலி. கத்தியைக் கொடுத்த பிறகே அதில் உட்காரலாம். ஊர்த் தலைவர் கோலாக்கொட்டையை உடைத்து முன்னோரை அழைத்தார். எதிர்ப்புறம் பெண்கள். வயதுகளையெல்லாம் வலியோடு பெற்றெடுத்தவர்கள் அவர்கள். வயதுகள் எண்ணப்படும் இந்தப் பந்தலிலோ, சாட்சியாக அழைக்கப்பட்டாலொழிய அவர்கள் வாய் திறக்கக் கூடாது. பாட்டனார் காலத்து விதி என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பாட்டனார் காலத்தில் பந்தலுக்கு ஒலிபெருக்கியும் இல்லை. அதை மட்டும் யாரும் விதி என்று சொல்லி வெளியே நிறுத்தவில்லை.

முன்வரிசையில் மாநிலக் கால்பந்து அலுவலகத்தின் படப்பிடிப்பாளர் இருவர். கடிதம் வருமுன்னரே, தன் பெருமையைப் பதிவுசெய்ய உடுமாவே அழைத்திருந்தான். அழைத்த விருந்தினரை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது?

நான் பட்டியலைப் படித்தேன். ஒவ்வொருவராக வயதைச் சொன்னார்கள். கலு ஒவ்வொரு கத்தியையும் வாங்கித் தன் ஆட்களிடம் கொடுத்தான். முப்பத்தேழாவது பெயர் உடுமா உக்பாயி. அவன் முன்னால் வந்தான். பெனால்ட்டி அடிக்கும் முன் பந்துக்குப் பின்னால் அசையாமல் நிற்பானே, அதே போல் நின்றான். எதிரே கலு கைகளைக் கட்டிக்கொண்டான். பந்தலில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. ஓர்ஜி எனக்குப் பக்கத்திலிருந்து, அச்சுப்பிழை, அச்சுப்பிழை என்று முணுமுணுத்துக்கொண்டேயிருந்தான்.

"நான் உடுமா. உள்நாட்டுப் போர் ஓஞ்சு ஒன்பதாம் நாள் பொறந்தவன். எனக்கு அம்பத்தஞ்சு" என்றான் அவன். "காகிதத்துல இருக்கிறது அச்சுப்பிழை இல்ல. தெரிஞ்சே சொன்ன பொய். பதினேழு வயசுல நம்ம ஊர் மைதானத்துல ஆடினேன், பார்க்க ஒருத்தரும் வரல. இருபத்திநாலுல வந்தாங்க. வந்தவங்களுக்குப் பதினேழுதான் வேணுமாம். சரின்னு பதினேழு ஆனேன். அப்புறம் எறங்க எடம் கிடைக்கல."

படப்பிடிப்பாளர்களில் ஒருவர் கருவியைத் தாழ்த்தினார். மற்றவர் தாழ்த்தவில்லை.

பிஞ்சுக் கால்களை மட்டுமே விலைக்குக் கேட்கும் ஒரு சந்தை, முற்றிய கால்களைப் பொய் சொல்ல வைக்கிறது. பொய் வெளிப்பட்டதும் கால்களைத் தண்டிக்கிறது, சந்தையைத் தண்டிப்பதில்லை. இதை அன்று எழுந்து முழங்க வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. ஆனால் அது அவன் முறை, என் முறையல்ல.

முச்சந்திப் பலகையில் எழுதியிருப்பது என்ன என்று கலு கேட்டான். அதை நாளைக் காலையில் தானே ஏறி இறக்கிவிடுவதாகவும், அதற்கு மட்டும் முழங்கால் ஒத்துழைக்கும் என்றும் உடுமா சொன்னான். பந்தல் சிரித்தது. கலு சிரிக்கவில்லை, விதியைப் பிடித்துக்கொண்டான். இந்த வாய் ஒரு காலத்தில் உலகறியப் பதினேழு என்றது, இன்று ஊரறிய ஐம்பத்தைந்து என்கிறது, இரண்டில் எதை நம்புவது, சாட்சி எங்கே என்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஓஜியுகோ எழுந்து நடந்து வந்தாள். நீலத் தலைக்கட்டு, காதோரம் ஒரு துளி மாவு. சகோதரனின் பக்கத்தில் வந்து நின்றதும் சாட்சியே தேவைப்படவில்லை. அதே நெற்றி, அதே மூன்று கோடுகள். முன்வரிசைக் கிழவர் ஒருவர், இரண்டு பேரில் யார் கோல் அடித்தவர் என்று கேட்டார்.

"நான்தான் மொதல்ல வந்தேன், கால் மணி நேரம் கழிச்சு இவன் வந்தான்" என்றாள் ஓஜியுகோ. "சாட்சி அவ்வளவுதான். ஆனா இன்னொண்ணு இருக்கு. அந்தப் பொய்க் காகிதம் தரகர் எழுதினதில்ல. நான் எழுதினது. அவருக்கு நம்ம ஊர்ப் பேர் எழுத வரல, என் கையெழுத்து நல்லாருக்கும். பொறந்த வருஷத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். உடன்பிறந்தவங்கன்னு ஒரு எடம் இருந்துச்சு. ரெட்டைன்னு எழுதினா எனக்கும் வயசு கொறையணும், பள்ளிக்கூடத்துல என் வயசு இருக்கேன்னு, அக்கா ஒருத்தின்னு எழுதினேன். என்னை நானே அவன்கிட்டேருந்து ஏழு வருஷம் தள்ளி வச்சேன். தண்டம் போடுறதா இருந்தா எனக்கும் சேர்த்துப் போடுங்க."

இதை நான் அறியேன். உடுமா அறிவான் என்பதை அவன் முகம் சொல்லிற்று. முப்பதாண்டு ஆட்டத்தைப் பற்றி எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்ன வாய், அவளைக் காட்டிக் கொடுக்காமலிருக்கத்தான் அச்சுப்பிழையைக்கூட மறுக்காமல் எங்கள் கூட்டத்தில் அன்று அப்படி மூடிக் கிடந்திருக்கிறது.

ஊர்த் தலைவர் இருமினார். பொய்க்குத் தண்டம் ஒரு வெள்ளாடு, இரட்டையர் பொய்யானதால் இரண்டு என்று தீர்ப்புச் சொல்லி, கலுவைப் பார்த்தார். கலு இன்னும் கையை நீட்டவில்லை. தன்னைவிட மூத்தவன்தான் என்பது தனக்கு ஐயமறத் தெரிய வேண்டும் என்று இழுத்தான்.

"சரி தம்பி, உனக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் ஓஜியுகோ.

"நாப்பத்தெட்டு."

"அது உங்க அம்மா சொன்ன வயசு. ஆபீஸ்ல ஓய்வு தள்ளிப்போகட்டும்னு எழுதிக் கொடுத்திருக்கியே, அந்த வயசு என்ன?"

கலுவுக்குப் பின்னால் நின்ற அவனுடைய அணியினர், ஆசிரியர்கள், காவலர், மின்வாரியத்தார், சுங்கத்தார், ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். பெண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். பிறகு எல்லோருக்கும் கை போதவில்லை. கலு தன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. குனிந்து, இரு கையாலும் கத்தியை வாங்கிக்கொண்டான். அவனுடைய அணியினர் அதைப் பார்த்த பார்வையில், இன்னும் ஒரு கேள்வி எழுமுன் மீதிப் பதினேழு கத்திகளையும் வாங்கி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தெரிந்தது.

முரசு முழங்கியது. உடுமா தன் நாற்காலிக்கு வந்தான், ஆனால் உட்காரவில்லை. ஓஜியுகோ பெண்கள் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கும் இதே வயது, அவளுக்கும் இதே நாள், அவளுக்கும் ஓர் இருக்கை போடுங்கள், போட்ட பிறகு நான் உட்காருகிறேன் என்றான் அவன், ஒலிபெருக்கிக்கு எட்டும்படி. ஆண்கள் வரிசையில் பெண்ணுக்கு இருக்கை போட்ட வழக்கமில்லை என்று ஓர்ஜி சொன்னான். ஊர்த் தலைவர் மேலே பந்தல் துணியைப் பார்த்தார். வழக்கத்தை யார் தொடங்குவது என்பதே அங்கிருந்த கேள்வி. ஐம்பத்து மூன்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உடுமா மட்டும் நின்றுகொண்டிருந்தான், தேய்ந்த முழங்காலில் எடையை மாற்றி மாற்றி.

நான் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓர்ஜி பெருமூச்சு விட்டான், யாரும் தடுக்கவில்லை. ஓஜியுகோ திரும்பி வந்து, இரண்டு நாற்காலிகளையும் அழுத்திப் பார்த்து, ஆடாததில் உட்கார்ந்தாள். உடுமா மற்றதில் உட்கார்ந்தான். உட்காரும்போது அவன் முழங்கால் சொடுக்கிய ஓசை மூன்றாம் வரிசை வரை கேட்டது.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள் அவள்.

"மழை வர்றதுக்கு முந்தி ரொம்ப வலிக்கும்" என்றான் உடுமா. "உனக்கு?"

"எனக்கு இடுப்பு. அடுப்பு முன்னாடி குனிஞ்சே நிக்கிறேன்ல" என்று தொடங்கினாள். நான் முப்பத்தெட்டாவது பெயரைப் படித்தேன். முப்பத்தெட்டாமவன் வந்து வயதைச் சொல்லிக் கத்தியை நீட்டியபோதும் அவர்கள் இடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.